தென்னையை எடுத்துவிட்டு அவகேடோ வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வத்தலக்குண்டு பக்கம் இரண்டு ஏக்கர் தென்னை இருக்கிறது. வெள்ளை ஈ வந்ததிலிருந்து காய்ப்பு பாதியாகிவிட்டது. மரத்தை எடுத்துவிட்டு அவகேடோ வைக்கச் சொல்லி ஒரு கம்பெனியின் ஏஜெண்ட் வருகிறார். ‘இஸ்ரேல் ஒட்டுக்கன்று’ ஒன்று 1,400 ரூபாய், ஏக்கருக்கு 108 கன்று. நாலாம் வருடத்திலிருந்து பழத்தை கிலோ 150 ரூபாய்க்கு அவர்களே எடுத்துக்கொள்வதாகப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். முன்பணம் 25,000 கொடுத்துவிட்டேன். அந்தப் பத்திரத்தை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மரத்தில் ரம்பம் வைக்க ஆளும் சொல்லாதீர்கள்.

முதலில் அவர்கள் கணக்கைப் பாருங்கள். இரண்டு ஏக்கருக்கு 216 கன்று, 3,02,400 ரூபாய். அது முழுவதும் இந்த மாதமே அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அவர்கள் உங்களுக்குப் பணம் தரவேண்டிய நாள் நாலு வருடம் தள்ளி இருக்கிறது. அதுவரை உங்கள் செலவு, உங்கள் தண்ணீர், உங்கள் உழைப்பு. அன்றைக்கு அந்த அலுவலகம் இருக்குமா, ஏஜெண்டின் போன் எடுக்குமா என்பதற்கு யார் பொறுப்பு? கன்று விற்றே லாபம் பார்த்துவிட்ட கம்பெனிக்குப் பழம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு சரிந்தபோது கொங்கு நாட்டில் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பதை மறக்கக் கூடாது. குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்துக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்ற அதே பேச்சுதான். பயிரின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

உங்கள் பத்திரத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பத்திரங்கள் நிறையப் படித்திருக்கிறேன். மூன்று வரிகளைத் தேடுங்கள். ‘முதல் தரப் பழம் மட்டும்’ என்று இருக்கும். ‘தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்று இருக்கும். அவர்கள் பழத்தை எடுக்காவிட்டால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டஈடு என்ற வரி இருக்காது. அவகேடோவில் இது ரொம்ப ஆபத்து. இந்தக் காய் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் வைத்தால்தான் பழுக்கும். முற்றாமல் பறித்தால் தோல் சுருங்கி, சதை ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெளியே பார்த்து முற்றியதா இல்லையா என்று சொல்வது பழகியவர்களுக்கே சிரமம். அப்படியென்றால் ‘முற்றவில்லை, வேண்டாம்’ என்று தோட்டத்தில் நின்றபடியே தள்ளிவிடலாம். நீங்கள் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது, 2019-ல். அதன்படி ஒப்பந்தத்தை அதற்கான அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவது அந்தப் பதிவு ஆகாது. ஏஜெண்டிடம், ‘வேளாண் வணிகத்துறையில் பதிவு செய்துவிட்டு மீதி பேசலாம்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு ஆள் வரமாட்டார். இதை உங்களுக்கு ஒரு வாசகர் பகுதியில் நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். சட்டம் போட்டு இத்தனை வருடமாகியும் எந்த ஊர் டீக்கடையில் இது தெரியும்? அதிகாரிகள் சொட்டுநீர் மானியத்துக்கு இலக்கு வைத்து ஓடுகிறார்கள், கணக்கு முடிக்கிறார்கள். மூன்று லட்சம் கொடுக்கப் போகும் ஒரு விவசாயியின் பத்திரத்தை வாங்கி ஒரு தரம் படித்துச் சொல்ல வட்டார அளவில் ஒரு ஆளை உட்கார வைக்க மாட்டேன் என்கிறார்கள். அந்தக் காலி இடத்தில்தான் ஏஜெண்ட் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

இனி பயிர். தமிழ்நாட்டில் அவகேடோ நன்றாக வரும் இடங்கள் உண்டு: கீழ்ப்பழனி மலை, சிறுமலை, ஏற்காடு, நீலகிரியின் சில பகுதிகள். அங்கே காப்பித் தோட்டத்தில் நிழல் மரமாக எத்தனையோ காலமாக நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து மேலே ஏறினால் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். டி.கே.டி. 1 ரகம் அங்கேயிருந்து வந்ததுதான். ஒரு நாள் ஒதுக்கிப் போய் மரத்தைப் பார்த்து, அங்கே இருப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். அந்தக் குளிர்ச்சி உங்கள் தோப்பில் இல்லை. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது வெயிலும் வறண்ட காற்றும் அடித்தால் உதிர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மரமே போய்விடும். உப்புத் தண்ணீரை இது தாங்கவே தாங்காது, இலை நுனி கருகத் தொடங்கும். தென்னை தாங்குகிற போர்வெல் தண்ணீரை அவகேடோவும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

‘இஸ்ரேல்’ என்பது ரகத்தின் பெயரே இல்லை. ஹாஸ், ஃபூர்டே, பிங்கர்டன் இவையெல்லாம் ரகம். எந்த ரகம், தாய்மரம் எங்கே நிற்கிறது, எந்தப் பதிவுபெற்ற நாற்றங்கால் என்று மூன்றையும் பில்லில் எழுதிக் கேளுங்கள். கன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணுக்கு ஒரு சாண் மேலே ஒட்டுக் கட்டிய தடம் தெரிய வேண்டும். நாடா அவிழ்த்த இடத்தில் தண்டு லேசாகப் புடைத்து, கீழே ஒரு நிறமும் மேலே ஒரு நிறமுமாக இருக்கும். அந்தத் தடத்துக்குக் கீழேயிருந்து கிளம்பிய தளிர்தான் செழிப்பாக நிற்கிறது என்றால், காசு ஒட்டுக்குக் கொடுத்து விதைக்கன்றை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். விதைக்கன்று காய்க்க ஆறேழு வருடம்கூட ஆகும், எப்படிக் காய்க்கும் என்பது காய்த்த பிறகுதான் தெரியும்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், ‘எங்கள் மாமா தோப்பில் காய்க்கிறதே’ என்று யாராவது கடிதம் எழுதுவார்கள். காய்க்கும். அவகேடோவில் மேற்கிந்திய இனம் என்று ஒன்று உண்டு. சூட்டையும் புழுக்கத்தையும் மற்றவற்றைவிடத் தாங்கும். பழம் பெரியது, தோல் வழவழப்பானது, எண்ணெய்ச் சத்து குறைவு. ஜூஸ் கடைக்காரருக்கு இந்தப் பழம் போதும், பால், சர்க்கரையோடு அடித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் சென்னை, பெங்களூரு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியில் தடவித் தின்ன வாங்குகிறவருக்கு வெண்ணெய் மாதிரி இருக்கிற ஹாஸ்தான் வேண்டும். கிலோ 150 ரூபாய் என்ற கனவு அந்த ஹாஸுக்கு. ஆகவே மலையடிவாரத்தில் நிலம், வடிகாலுள்ள மண், நல்ல தண்ணீர் மூன்றும் இருந்தால், வரப்போரமாக, பக்கத்து மரங்களின் நிழல் இளங்கன்றுக்குக் கிடைக்கிற இடமாகப் பார்த்து ஒரு பத்துப் பதினைந்து மரம் வைத்துப் பாருங்கள். ஒரே ரகமாக வைக்காதீர்கள். இதன் பூ ஒரு நேரம் பெண்ணாகவும் இன்னொரு நேரம் ஆணாகவும் விரியும், காலையில் பெண்ணாக விரிகிற ரகமும் மதியம் பெண்ணாக விரிகிற ரகமும் கலந்து நின்றால்தான் மகரந்தம் நன்றாகச் சேரும். காய்த்தால் வத்தலக்குண்டு, திண்டுக்கல் ஜூஸ் கடைகளுக்குப் போடலாம். இது தென்னையோடு கூட வரும் வருமானம். தென்னைக்குப் பதிலாக இரண்டு ஏக்கர் முழுக்க வைப்பதற்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

‘ஊரெல்லாம் அவகேடோ தின்னத் தொடங்கிவிட்டார்கள்’ என்று ஏஜெண்ட் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த ருசிக்குப் பின்னால் கப்பலும் வருகிறது. தான்சானியாவிலிருந்து ஹாஸ் ஏராளமாக இறங்குகிறது. ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன்படி அவகேடோ மீதிருந்த 30 சதவீத வரி 7 ஆண்டுகளில் படிப்படியாக இல்லாமல் போகும். இன்று வைத்த மரம் நன்றாகக் காய்க்கும் நாளில் வரியில்லாத பழத்தோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும். இந்தப் பேச்சை ஏஜெண்ட் எடுக்கவே மாட்டார்.

அப்புறம் தென்னை. 2023-ல் கொப்பரைக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், சந்தையில் அதுகூடக் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். 2025-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. வெள்ளை ஈக்குக் கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், அதைத் தின்கிற என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அந்தக் குளவிக்கு ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். புதுப் பயிர்தான் வேண்டுமென்றால் தென்னைக்குள்ளேயே கோகோ, ஜாதிக்காய் பாருங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வருடக் கணக்காக எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

கொடுத்த 25,000-க்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ‘முன்பணம் கொடுத்தேனே, எப்போது கன்று வரும்’ என்று கேட்டு அவர் பதிலை வாங்கி வையுங்கள். பிறகு கம்பெனி முகவரிக்கு, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. 5 லட்சம் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. இடையில் ஏஜெண்ட் வந்து, ‘முன்பணத்தை ஈடுகட்ட 20 கன்று மட்டும் இறக்கிவிடுகிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்பார். போடாதீர்கள். சரக்கை ஒப்புக்கொண்டதாக அந்தக் கையெழுத்தைத்தான் பிறகு ஆணையத்தில் காட்டுவார்கள்.