விடை சரியா தப்பா, கணினிக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: பேசிக், லோகோ என்ற கணினி மொழிகள் இரண்டும் மாணவர்களுக்கு நிரல் எழுதப் பழக்க வந்தவை. பாடம் நடத்துவதற்கென்றே தனியாக மொழிகள் இருந்தனவாமே, நிஜமா?
- கணினி ஆசிரியை, நாமக்கல்

நிஜம்தான். 1960-களில் அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டமே கிளம்பியது. பேசிக்கையும் இவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேசிக்கில் நிரல் எழுதுகிறவர் மாணவர். இவற்றில் எழுதுகிறவர் வாத்தியார், மாணவர் எதிரே உட்கார்ந்து பதிலைத் தட்டுவதோடு சரி.

ஐபிஎம் கம்பெனியின் மொழிக்கு கோர்ஸ்ரைட்டர் என்று பெயர். எல்லாம் இரண்டெழுத்துக் கட்டளைகள். கேள்விக்கு ஒன்று, சரியான விடைக்கு ஒன்று, எதிர்பார்த்த தவறான விடைக்கு ஒன்று, எதிலும் அடங்காத விடைக்கு ஒன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பெஸ் குழுவினர் ஐபிஎம் 1500 என்ற இயந்திரத்தை வைத்துக்கொண்டு 1966-இலேயே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். திரை, திரையைத் தொட்டுப் பதில் சொல்ல ஒளிப்பேனா, காதுக்கு ஹெட்ஃபோன் என்று அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் ஆடம்பரமான வகுப்பறை.

ஆனால் இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ட்யூட்டர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் திட்டத்தின் மொழி அது. ஆரம்பத்தில் ஒரு பாடம் போட வேண்டுமென்றால் நிரல் தெரிந்த ஆளைப் பிடித்தாக வேண்டும், பாடம் தெரிந்தவர் ஒருத்தர், நிரல் தெரிந்தவர் இன்னொருத்தர், இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் பருவமே போய்விடும். இந்த இழுபறிக்கு முடிவு கட்டியவர் கணினிக்காரர் இல்லை. பால் டென்சார் என்ற விலங்கியல் ஆராய்ச்சி மாணவர். பாடம் எழுதுகிறவருக்கு என்னென்ன வேண்டுமோ அவற்றையே கட்டளைகளாக வைத்து ஒரு மொழி செய்தார். 'அட் 1812' என்று எழுதினால் திரையில் 18-ஆவது வரி, 12-ஆவது எழுத்திடம். அதற்கடுத்து 'ரைட்' போட்டால் அந்த இடத்தில் எழுத்து வரும், 'ஏரோ' போட்டால் அங்கே ஒரு அம்புக்குறி தோன்றி மாணவரின் பதிலுக்காகக் காத்திருக்கும். வேதியியல் வாத்தியாரும் பிரெஞ்சு வாத்தியாரும் தாங்களே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

கேள்வி: பதிலைச் சரிபார்க்க ஒரு 'இஃப்' (இப்படி இருந்தால் இதைச் செய் என்ற கட்டளை) போதாதா சார்? இதற்குப் போய் தனி மொழியா?
- பொறியியல் மாணவர், திருநெல்வேலி

நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னால் ஒரு இஃப் போதும் தம்பி. மாணவரே யோசித்துத் தட்டச்சு செய்யட்டும் என்று விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

படத்தைக் காட்டி, இது என்ன உருவம் என்று கேட்கிறீர்கள். தமிழில் வைத்தே சொல்கிறேன். ஒருத்தர் 'செங்கோண முக்கோணம்' என்பார், இன்னொருத்தர் 'இது ஒரு செங்கோண முக்கோணம்' என்று முழு வாக்கியமாக அடிப்பார், மூன்றாவது ஆள் 'செங்கோன முக்கோனம்' என்று போடுவார். மூன்று பேருக்கும் கணக்கு தெரியும், ஆனால் உங்கள் இஃப் முதல் ஆளை மட்டும் பாஸ் போடும். ட்யூட்டரில் 'ஆன்சர்' கட்டளையிலேயே, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற சொற்களை ஒருவகை அடைப்புக்குறிக்குள்ளும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வரலாம் என்ற சொற்களை வேறுவகை அடைப்புக்குறிக்குள்ளும் போட்டுவிடலாம். ஒரே வரியில் நூற்றுக்கணக்கான விடைகள் அடங்கிவிடும்.

எழுத்துப்பிழைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் அழகு. ஒவ்வொரு சொல்லையும் 60 பிட் (ஒவ்வொரு பிட்டும் ஒரு 0 அல்லது 1) கொண்ட ஒரு வடிவமாக மாற்றுவார்கள் (அவர்கள் வைத்திருந்த கன்ட்ரோல் டேட்டா கம்பெனி கணினி ஒரே மூச்சில் கையாளும் அளவே 60 பிட்தான்). சாயலில் நெருங்கிய சொற்களுக்கு வடிவமும் நெருங்கியே வரும்படி அந்த மாற்றம் அமைந்திருந்தது. அப்புறம் இரண்டு வடிவங்களிலும் எத்தனை பிட் மாறுகிறது என்று எண்ணினால் போதும். கொஞ்சமாக மாறினால் எழுத்துப்பிழை, நிறைய மாறினால் வேறு சொல். மாணவருக்கு வெறுமனே தப்பு என்று சொல்லி அனுப்பாமல், பிழையான சொல்லின் கீழே சமக்குறிகளாலும் தேவையில்லாத சொல்லின் கீழே எக்ஸ் குறிகளாலும் கோடு போட்டுக் காட்டும். பேப்பர் திருத்தும் வாத்தியார் சிவப்பு மையில் செய்வதைத்தான் அது திரையில் செய்தது.

கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. எண் விடைகளை மதிப்பிடும் கட்டளை, மாணவர் எண்ணுக்குப் பதில் கணக்குக் கோவையாகத் தட்டினாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடும். 4-ஐ 3-ஆல் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டால், பையன் சமர்த்தாக '4×3' என்றே திருப்பி அடிப்பான், கணினியும் சரி என்று சொல்லிவிடும்! விடையில் கணக்குக்குறி வரக்கூடாது என்று தடுக்கவே தனியாக ஒரு ஏற்பாடு வைக்க வேண்டியிருந்தது. வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு தேவை தோன்றும்.

கேள்வி: என்னைப் போன்ற கணினி தெரியாத ஆசிரியரால் இவற்றில் எழுதியிருக்க முடியுமா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்களுக்கென்றே ஒரு மொழி இருந்தது, பைலட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் உளவியலாளராக இருந்த ஜான் ஸ்டார்க்வெதர் 1960-களில் செய்தது. ஓரெழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும்தான் கட்டளை. இதைப் பாருங்கள்:

டி: பூமியைச் சுற்றி வருவது எது?
ஏ:
எம்: நிலா, சந்திரன்
டிஒய்: சரியான விடை.
டிஎன்: இல்லை. இரவில் வானத்தைப் பாருங்கள்.

டி என்றால் திரையில் காட்டு, ஏ என்றால் பதிலை வாங்கு, எம் என்றால் பொருத்திப் பார். பொருந்தினால் ஒய் ஒட்டிய வரி ஓடும், பொருந்தாவிட்டால் என் ஒட்டிய வரி. அவ்வளவுதான், ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டு விடுவீர்கள். குறையும் இதிலேயே இருக்கிறது. பதிலில் எங்காவது 'நிலா' என்று வந்தால் போதும், 'நிலா இல்லை, சூரியன்' என்று அடித்த பிள்ளையையும் பாராட்டி அனுப்பிவிடும். கெட்டிக்கார ஆசிரியர் 'இல்லை' என்ற சொல்லுக்கு முதலில் ஒரு எம் போட்டு வடிகட்டிக்கொள்வார். பிற்பாடு அட்டாரி வீட்டுக் கணினிக்குக்கூட பைலட் வந்தது, திரையில் நகர்ந்து கோடு போடும் லோகோவின் ஆமையையும் சேர்த்துக்கொண்டு.

கேள்வி: இப்போதைய கற்றல் செயலிகளும் இதைத்தானே செய்கின்றன? ட்யூட்டரை இன்று எங்காவது பார்க்க முடியுமா?
- வாசகர், சேலம்

எங்கே செய்கின்றன? பெரும்பாலானவை அ, ஆ, இ, ஈ என்று நான்கு கட்டத்தைக் காட்டித் தொடச் சொல்கின்றன. திருத்துவது சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உரையாடும் செயலிகள் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறுகிறது. ஆனால் எந்தத் தவறுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து எழுதிய வாத்தியார் அங்கே இல்லை.

ட்யூட்டரின் வாரிசு ஒன்று உயிரோடு இருக்கிறது. ட்யூட்டருக்கு நூல் எழுதிய புரூஸ் ஷெர்வுட் பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய் சிடி என்ற மொழியைச் செய்தார், அந்த வழியில் வந்ததுதான் இயற்பியல் வகுப்புகளில் இன்றும் ஓடும் விபைத்தான். மூல ட்யூட்டரே வேண்டுமென்றால் சைபர்1 என்ற தளத்தில் ஆர்வலர்கள் பழைய பிளேட்டோவை அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். பயனர் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே போங்கள், 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட அந்த ஆரஞ்சுத் திரை வரும். முதலில் பாடங்களைத் திறந்து பாருங்கள், விளையாட்டுகள் பக்கம் போனால் திரும்பி வர மாட்டீர்கள்.