நோயாளியை அழைத்து வந்தவர்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் வகுப்பில் பால்புதுமையினருக்கான, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்களுக்கான அரசுக் கொள்கைகள் பற்றிப் பேச்சு வந்தது. உளவியலாளர்களும் செயல்பாட்டாளர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்து அரசுக்கு ஆலோசனை சொல்வது சரிதானா என்று ஒரு விவாதம். எங்கள் பேராசிரியர், “செயல்பாட்டாளருக்கு ஒரு கட்சி உண்டு, உளவியலாளருக்குக் கட்சி கூடாது, சேர்ந்து உட்கார்ந்தால் நடுநிலை போய்விடும்” என்றார். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், அது எப்படி அறிவியலாகும் என்றும் கேட்டார். அவர் சொல்வது சரி என்று தோன்றுகிறது. ஆனால் ஏதோ இடிக்கிறது. எனக்கு இந்தத் துறையில் வேலை செய்ய ஆசை. முதலில் எதைப் படிக்க வேண்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

பெயரை எடுத்துவிட்டேன். ஊரை விட்டுவைத்திருக்கிறேன். திருநெல்வேலியில் உளவியல் படிப்பவர்கள் நிறையப் பேர், பயப்படாதீர்கள்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். ‘ஏதோ இடிக்கிறது’ என்று எனக்கு எழுதுகிறீர்களே, அதை வகுப்பில் எழுந்து கேட்டிருக்கலாம் அல்லவா? நாளைக்கு ஒரு அரசுக் கமிட்டியில் உட்காரப் போகிறவர், நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால் எப்படி?

ஓட்டுக் கதையை உங்கள் பேராசிரியர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 1973 டிசம்பரில் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நிர்வாகக் குழு தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. அதை ஏற்காத மருத்துவர்கள் கையெழுத்து வாங்கி, உறுப்பினர்கள் எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். 1974-இல் ஓட்டெடுப்பு நடந்தது. 58 சதவீதம் பேர் குழுவின் முடிவை ஆதரித்தார்கள். ஆக, ஓட்டுப்பெட்டியைத் தூக்கி வந்ததே எதிர்த்தரப்புதான். ஜெயித்திருந்தால் அதை ஜனநாயகம் என்றிருப்பார்கள்.

அறிவியல் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களுக்கும் மைத்தடச் சோதனை உட்படச் சில சோதனைகள் வைத்தார். யாருடைய தாள் எது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. 1957-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. எங்களை ஆராயுங்கள் என்று அவரைத் தூண்டியது அவருடைய பழைய மாணவர் ஒருவர், தன்பாலீர்ப்பாளர். சோதனைக்கு ஆட்களைத் தேடித்தர உதவியது மட்டாசின் சொசைட்டி, அந்தக் காலத்துச் செயல்பாட்டாளர்கள். அதுவரை சிறையிலும் மருத்துவமனையிலும் கண்ட ஆட்களை வைத்து ஊரில் இருக்கும் எல்லாரையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தது உங்கள் துறை. வெளியே சாதாரணமாக வேலைக்குப் போய்வந்து கொண்டிருந்தவர்களை அதன் கண்ணில் காட்டியவர்கள் இவர்கள்தான். நடுநிலை பற்றிய கேள்விக்கு இந்த ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவிலும் இதே கூட்டுதான். தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, மருத்துவர் சேகர் சேஷாத்ரி தலைமையில் 13 மனநலத் துறையினர் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனு போட்டார்கள். 2013-இல் தோற்றார்கள். 2018-இல் தீர்ப்பு மாறியது, அது குற்றமில்லை என்று.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். சொல்ல நினைத்தது இங்கேதான் இருக்கிறது.

2021-இல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்தார்கள். சேர்ந்து வாழ விரும்பியவர்கள். பெற்றோர்கள் ‘காணவில்லை’ என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் அந்தப் பெண்களையும், பிறகு பெற்றோர்களையும் அனுப்பினார். அப்புறம் தானே அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். இந்த விஷயத்தில் வார்த்தை அறிவிலிருந்து வந்தால் போதாது, மனதிலிருந்து வர வேண்டும், அதற்கு நான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதினார். நம் நீதிமன்றங்களில் இப்படி ஒரு வரியைப் படித்த நினைவு எனக்கு இல்லை.

2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு வந்தது. வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை தருபவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், உரிமம் ரத்து உட்பட. 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஓர் உளவியலாளர், நீதிபதிக்குப் பாடம் சொன்ன திருநர் சமூகத்தினர், ஆண்டுக்கணக்கில் இதற்காக அலைந்த அமைப்புகள், எல்லாரும் சேர்ந்ததால் வந்தது இது. நல்ல விஷயம். மறுக்கவில்லை.

ஆனால் அந்த வழக்கில் என்னை விடாமல் பிடித்திருப்பது வேறு ஓர் இடம். பெற்றோர்களிடம் பேசிய உளவியலாளர் கொடுத்த அறிக்கை. தங்கள் பெண்கள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடக் காலம் முழுக்கத் துணையே இல்லாமல் தனியாக இருப்பது மேல், அதில்தான் கௌரவம் இருக்கிறது என்று அவர்கள் நினைத்ததாக அதில் வருகிறது. கெட்ட மனிதர்கள் இல்லை அவர்கள். ஊருக்குப் பயந்தவர்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். நீதிமன்றம் குறுக்கே வராமல், இதே பெற்றோர்கள் ஏதோ ஓர் ஊரில் ஒரு மனநல ஆலோசகரைத் தேடிப் போயிருந்தால்? அவர் யாருடைய பேச்சைக் கேட்டிருப்பார்?

எனக்கு அந்த அறை தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருந்தவரின் மகன் என் நண்பன். அவனுக்குக் கல்யாணம் பேசியபோது மாட்டேன் என்றான். ஏன் என்றும் சொல்லிவிட்டான், அதுதான் வினை. டவுனில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நான் காலேஜ் படித்தவன் என்பதால் அவன் அப்பா என்னையும் துணைக்கு அழைத்தார். டாக்டர் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்பாவிடம். எத்தனை நாளாக, யாரோடு சேர்க்கை, ராத்திரி தூங்குகிறானா. நண்பனிடம் அவர் நேராகப் பேசியது ஒரே ஒரு தடவை: “தம்பி, உங்களுக்கும் இது போகணும்னு இருக்குல்ல?” அப்பா அவனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். டாக்டர் மருந்துச் சீட்டில் ஏதோ எழுதினார். அப்பா சட்டையின் உள்பையிலிருந்து பணத்தை எடுத்து, எண்ணி, மேஜைக் கண்ணாடியின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவன் கடையில் கணக்கு நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மாத்திரை அப்படி. இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை, நன்றாக இருக்கிறான்.

அந்தத் தலையாட்டலைத்தான் உங்கள் துறை பல ஆண்டுகள் ‘நோயாளியே விரும்பிக் கேட்டார்’ என்று எழுதிக்கொண்டது. இதற்குப் பாடப்புத்தகத்திலும் இடம் இருந்தது. 1973-இல் முன்வாசல் வழியாக அனுப்பியதை 1980-இல் அதே அமெரிக்கச் சங்கத்தின் நோய்க் கையேடு பின்வாசல் வழியாக உள்ளே விட்டது. தன்பாலீர்ப்பு நோயில்லை, அது தனக்கே பிடிக்காமல் ஒருவர் வேதனைப்பட்டால் அது நோய் என்று. 1987-இல் அதை எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு ஈடான ஒன்று பத்தாம் பதிப்பு முழுக்க இருந்தது. 2019-இல் ஏற்கப்பட்ட பதினோராம் பதிப்பில்தான் போனது. நம் ஊர் டாக்டர்களுக்கு அது எத்தனை வசதி! பையன் அழுகிறான், மாற விரும்புகிறேன் என்கிறான், நான் என்ன செய்ய?

அவன் ஏன் அழுகிறான் என்று கேட்டால்தானே. பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வெளியே பெஞ்சில் அம்மா. வீட்டில் ஜாதகக் கட்டு.

இதை எங்கே போனாலும் சொல்கிறேன், நண்பர்களுக்குக் கேட்டுச் சலித்துவிட்டது, உங்களுக்கும் சொல்கிறேன். நம் ஊர் ஆலோசனை அறையில் ஃபீஸ் கட்டுபவர்தான் நோயாளி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவர் கொண்டுவந்த பொருள். அப்பாவின் வேதனைக்கு மகனுக்கு மாத்திரை. உளவியலாளருக்குக் கட்சி கூடாது என்கிறார் உங்கள் பேராசிரியர். அந்த அறையில் ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கிறது, அது குடும்பத்தின் கட்சி. பழகிப்போனதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. செயல்பாட்டாளர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது கட்சியாகவே தெரிகிறது. நடுநிலை போய்விட்டது என்ற கூப்பாடு அதனால்தான்.

அறையை விட்டு வெளியேறிய பிறகு அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று டாக்டருக்குத் தெரியாது. அடுத்த வாரம் வரவில்லை என்றால் குணமாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு கோயம்பேட்டில் நின்று அவன் போன் செய்வது பால்புதுமையினருக்காக இயங்கும் சகோதரன், ஓரினம் போன்ற அமைப்புகளில் இருக்கும் யாருக்கோதான். சிகிச்சையின் முடிவு என்ன என்ற தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்தத் தகவல் இல்லாமல் கொள்கை எழுத உட்கார்வதற்குப் பெயர் நடுநிலையா?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மருத்துவ ஆணையத்தின் கடிதம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும். பெயருக்குப் பின்னால் ஒரு டிப்ளமோவைப் போட்டுக்கொண்டு மாடியில் ஆலோசனை மையம் நடத்துபவரை என்ன செய்யும்? சில வாரங்களுக்கு முன்பு எங்கள் பேருந்து நிலையச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். குடிப்பழக்கம், படிப்பில் கவனமின்மை, ‘ஓரினப் பழக்கம்’, மூன்றுக்கும் நிரந்தரத் தீர்வு, முதல் ஆலோசனை இலவசம். உரிமம் ரத்து என்கிறது உத்தரவு. இல்லாத உரிமத்தை யார் ரத்து செய்வது? உங்கள் கடிதம் வந்த அன்றும் நான் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் இன்னொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். 25 வயதுப் பெண். வீட்டில் அடித்து, ‘சரியாக’ வேண்டும் என்று சடங்குகள் செய்ய வைத்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். அவர் தன் விருப்பப்படி போகலாம் என்று நீதிமன்றம் அனுப்பிவைத்தது, உதவி கேட்டபோது அசட்டையாக இருந்த காவல்துறையைக் கண்டித்தது. முதல் உத்தரவு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. உத்தரவு எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

திருநர்களுக்கான மாநிலக் கொள்கை பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நானும் இப்போது போகவில்லை. அது தனிக் கதை.

நீங்கள் கேட்டது புத்தகம். புத்தகம் அப்புறம். முதலில் 2021 ஏப்ரல் 28, ஜூன் 7 ஆகிய இரண்டு உத்தரவுகளையும் முழுதாகப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆங்கிலம் எளிமையானது. செய்தித்தாள் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் படித்தேன் என்று எழுதாதீர்கள், கண்டுபிடித்துவிடுவேன். 2017 மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவையும் பாருங்கள். பாலீர்ப்பைக் காரணமாக வைத்து மனநலச் சேவையில் பாகுபாடு கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

களப்பயிற்சிக்கு உங்களை எங்காவது அனுப்புவார்கள் இல்லையா? அங்கே நோயாளி வந்தவுடன் நிரப்பும் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘உடன் வந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே முதல் சில வரிகள் யார் சொன்னதைக் கேட்டு எழுதப்படுகின்றன, வந்தவரைத் தனியாக உட்கார வைத்து எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். நோயாளிகளின் பெயர்கள் வேண்டாம்.

பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தப் பதிலையும் காட்டுங்கள். அவர் மறுப்பு எழுதினால் வெளியிடுகிறேன், அதைப் பெயரோடு.