ஓடும் குதிரையை யார் படம் பிடிக்கலாம்? – கேள்வி பதில்

பெரிய ரேஸ் ஒன்று முடிந்தாலே எனக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் யூடியூப் நண்பர்களிடமிருந்து. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரை ரேஸைத் தமிழ் வர்ணனையோடு எங்கள் சேனலில் போட்டோம். ‘நன்றி’ என்று டிவி நிறுவனத்தின் பெயரும் போட்டோம். அப்படியும் யூடியூபிலிருந்து பதிப்புரிமை ஸ்ட்ரைக் (எச்சரிக்கை) வந்துவிட்டது. இது நியாயமா? – மதுரை

ப: நியாயம்தான். நன்றி சொல்வது மரியாதை, அது அனுமதி ஆகாது. இதை எத்தனை முறைதான் எழுதுவது? டெர்பி ஒன்றேகால் மைல், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் அனுப்பிய லிங்கைப் பார்த்தேன். கேட் திறந்ததிலிருந்து ஜெயித்த குதிரை கோட்டைத் தாண்டும் வரை ஒன்றையும் விடவில்லை. ஒரு நாள் கிரிக்கெட்டில் இரண்டு நிமிடம் எடுத்தால் அது துளி. ரேஸில் இரண்டு நிமிடம் எடுத்தால் அவர்கள் விலை கொடுத்து வாங்கியது முழுவதும் போய்விடுகிறது. குரல் உங்களுடையது என்பதால் படமும் உங்களுடையதாகிவிடாது.

கே: அப்படியானால் செய்திக்கு எத்தனை விநாடி எடுக்கலாம்?

ப: எல்லா நாட்டுக்கும் பொதுவான கணக்கு கிடையாது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நடப்புச் செய்திக்காக நியாயமான அளவு எடுத்துக்கொள்ள விடுகிறது. விநாடிக் கணக்கு அதில் இல்லை. பிரிட்டனிலும் அப்படித்தான். 1990 கால்பந்து உலகக் கோப்பைக் காட்சிகளை எடுத்துச் செய்தியில் காட்டியதற்காக பி.எஸ்.பி. என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் மீது பிபிசி வழக்குப் போட்டுத் தோற்றது. அங்கே எடுத்த ஒவ்வொரு துண்டும் அரை நிமிடம் அளவுதான். செய்தி சூடாக இருக்கும்போதே காட்டினார்கள், யார் எடுத்த படம் என்றும் சொன்னார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் சேனல்களின் செய்தித் துண்டுக்கு 90 விநாடியை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. கால்பந்துக்கு அது சரி. ஐந்து ஃபர்லாங் (சுமார் ஒரு கிலோமீட்டர்) ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், 90 விநாடிக்குள் முழு ரேஸும் அடங்கிவிடும். அதனால் விநாடியை மட்டும் நம்பாதீர்கள். கடைசி ஒரு ஃபர்லாங், அன்றைய செய்தி, அதற்கு மேல் வேண்டாம். இது என் பழைய பல்லவிதான்.

கே: டெர்பி ஒளிபரப்பு உரிமை யாரிடம் இருக்கிறது? – சேலம்

ப: எந்த டெர்பி? இங்கிலாந்தின் எப்சமா, அமெரிக்காவின் கென்டக்கியா, மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பியா? கேள்வி கேட்கும்போது ஊர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கென்டக்கி என்றே வைத்துக்கொள்கிறேன். 1952-இல் சிபிஎஸ் நாடு முழுக்கக் காட்டத் தொடங்கியது, 1975-இல் ஏபிசி, 2001 முதல் என்பிசி. கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் சேர்த்து ட்ரிபிள் கிரவுன் என்பார்கள். மூன்றுக்கும் ஒரே சேனல் என்று நினைக்க வேண்டாம். பெல்மான்ட் 2023 முதல் ஃபாக்ஸிடம் இருக்கிறது.

கே: கட்டணம் இல்லாத சேனலில்தான் காட்ட வேண்டும் என்று எந்த ரேஸுக்காவது சட்டம் உண்டா?

ப: உண்டு. பிரிட்டனில் அதற்கென்று ஒரு பட்டியலே உண்டு. வேலிகளைத் தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனலும் எப்சம் டெர்பியும் அதில் இருக்கின்றன. ராயல் ஆஸ்கட் இல்லை, செல்ட்டன்ஹாம் கோல்ட் கப்பும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கோப்பைக்கு அதே மாதிரிப் பாதுகாப்பு. சேனல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: 2018 வரை செவன், பிறகு டென், 2024 முதல் நைன்.

கே: மைதானத்துக்கு வெளியே, நண்பர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து படம் பிடித்தால் யார் கேட்க முடியும்?

ப: நல்ல கேள்வி. சிட்னியில் 1930-களில் நடந்த கதை இது. விக்டோரியா பார்க் ரேஸ்கோர்ஸுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் டெய்லர் தன் இடத்தில் உயரமான மேடை கட்டினார். அங்கிருந்து ஒருவர் ரேஸைப் பார்த்துப் பார்த்து வானொலியில் வர்ணித்தார். மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்தது. கம்பெனி வழக்குப் போட்டது. 1937-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் டெய்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் காட்சியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, வேண்டுமானால் வேலியை உயர்த்திக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

ஆக, ரேஸ் கிளப் விற்பது இரண்டைத்தான்: உள்ளே வரும் வழி, அங்கே எடுக்கும் படம். உள்ளே போகிறவர் அனுமதிச் சீட்டின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர். வெளியே நிற்பவருக்கு அந்த நிபந்தனை இல்லை. இதை வைத்து ட்ரோன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு விமானப் போக்குவரத்துச் சட்டம் தனி. பிரிட்டனில் டிவி படம் சில விநாடி தாமதமாக வருவதால், ஓட்டத்தின் நடுவே பந்தயம் கட்டுகிறவர்களுக்காக ட்ரோன் பறக்கவிட்டுப் பெரிய சச்சரவானது.

கே: குதிரை விழுந்தால் உடனே திரை போட்டு மறைக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கக்கூடாதா? – திருச்சி

ப: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். திரை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருத்துவர் வேலை செய்ய வேண்டும், மிரண்ட குதிரை அடங்க வேண்டும், பக்கத்திலேயே ஜாக்கி அடிபட்டுக் கிடக்கலாம். ஆனால் அந்தத் திரையைக் காரணம் காட்டிப் புகைப்படக்காரரை விரட்டுவதும், எடுத்த படத்தை வெளியிட்டால் அடுத்த வருடம் செய்தியாளர் அட்டை கிடைக்காது என்று மிரட்டுவதும் வேறு விஷயம். விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த மாதிரிப் பேச்சை நானே காதால் கேட்டிருக்கிறேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஒளிபரப்பு உரிமை வாங்கிய சேனல் விழாவின் கூட்டாளி. விழுந்த குதிரையின் மீது அவர்கள் கேமரா அதிக நேரம் நிற்காது. அதனால்தான் உரிமை வாங்காத செய்தியாளர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். 2008 கென்டக்கி டெர்பியில் எய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை இரண்டாவதாக வந்து, கோட்டைத் தாண்டிய பிறகு முன்னங்கால் இரண்டும் முறிந்து விழுந்தது. ஓடுதளத்திலேயே அதைக் கருணைக்கொலை செய்தார்கள். நாடே பார்த்தது. அந்தக் கோடையிலேயே அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. குதிரைகளின் காயங்களைத் தொகுக்கும் தரவுத்தளமும் அந்த ஆண்டே தொடங்கியது. 2009-இல் குதிரைகள் ஓடிய ஒவ்வொரு ஆயிரம் முறைக்கும் 2 சாவு என்றிருந்தது, 2023 வாக்கில் 1.3 அளவுக்கு இறங்கியிருக்கிறது.

2011 கிராண்ட் நேஷனலில் இரண்டு குதிரைகள் செத்தன. மற்ற குதிரைகள் இரண்டாவது சுற்றில் அவை விழுந்த வேலிகளைச் சுற்றிக்கொண்டு ஓடின. மூடப்பட்டுக் கிடந்த உடல்கள் மேலிருந்து எடுத்த காட்சியில் தெரிந்தன. மறு வருடமும் இரண்டு சாவு. 2013-இல் வேலிகளின் உள்ளே இருந்த மரக்கட்டையை எடுத்துவிட்டு வளையும் பிளாஸ்டிக் வைத்தார்கள். 2024-இல் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். படம் மட்டுமே இதைச் செய்யவில்லை, சரி. ஆனால் யாரும் பார்த்திருக்காவிட்டால் இதில் எத்தனை நடந்திருக்கும்?

வியாபாரத்தைக் காக்கும் தடை வேறு, சாவை மறைக்கும் தடை வேறு. ஓட்டத்தின் வீடியோவை விற்கட்டும், அது அவர்கள் சரக்கு. ஒரு குதிரை செத்தது என்பது செய்தி. அதை விற்கவும் முடியாது, பூட்டி வைக்கவும் கூடாது. அட்டை போய்விடும் என்று பயந்து படத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுங்கள், வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கே: பந்தயம் கட்டும் கடைகளில் தெரியும் படமும் டிவியில் வருவதும் ஒரே உரிமையா?

ப: இல்லை, தனித்தனி. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளி மாநிலத்தில் பந்தயம் ஏற்க, ரேஸ் நடத்துபவரின் சம்மதமும் ரேஸ் நடக்கும் மாநிலம், பந்தயம் ஏற்கும் மாநிலம் இரண்டின் ரேஸிங் கமிஷன்களின் சம்மதமும் வேண்டும். அங்கே பந்தயப் பணத்தில் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியேதான் கட்டப்படுகிறது. சிறிய ரேஸ்கோர்ஸ்கள் பல அந்த வருமானத்தில்தான் ஓடுகின்றன.

கே: செய்தியாளர் அட்டை கிடைத்திருக்கிறது. மாடத்திலிருந்து போனில் நேரலை போடலாமா? – கோவை

ப: நிபந்தனையைப் படித்தீர்களா? படிக்காமல்தான் கேட்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பெரிய ரேஸ்களில் ஓட்டத்தை நேரலையாகக் காட்டுவது உரிமை வாங்கியவருக்கு மட்டும்தான். எழுதலாம், புகைப்படம் போடலாம். வீடியோ எங்கே, எந்த நேரத்தில் எடுக்கலாம் என்பது அட்டையோடு வந்த தாளில் இருக்கும். புரியாத வரியை ஊடகப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.