மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சீதனக் காணி

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பு கல்லடியில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். 12,000 ஆக இருந்த வாடகையை 17,000 ஆக்கிவிட்டார்கள். ஆறு மாத முற்பணமும் கேட்கிறார்கள். மழைக்கு ஒழுகுகிறது. கணவருக்கு டவுனில் கடை வேலை. வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கம் வாடகை குறைவாம், போகலாமா? அரசாங்கம் வாடகைக்கு உச்ச வரம்பு போடக்கூடாதா? மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் காணி வாங்கச் சீட்டுக் கட்டுகிறேன், அதை மட்டும் நிறுத்தமாட்டேன். இன்னும் வாடகை வீட்டில்தான் என்று சொந்தக்காரரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உச்ச வரம்பை விடுங்கள். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத்தான் செய்து பார்த்தது. வீட்டுக்காரர் வாடகைக்குக் கொடுக்கவே பயந்தார்கள். நாம் இருக்கும் எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். எல்லோரும் இங்கேதான் இருக்கப் பார்த்தால் வாடகை ஏறத்தான் செய்யும்.

என்னைக் குத்தியது உங்கள் வெட்கம். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருவார். உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், பெண்ணின் பெயரில் இருப்பது பெரிய பலம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக என்ன பாடு! வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் இருந்த வயலை விற்றுத்தான் அப்பா என் அக்காவுக்கு வீடு கட்டினார். கடைசியில் அவரும் அம்மாவும் அதே வளவின் பின்பக்கம் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். அதற்கு யாரும் வெட்கப்படவில்லை. மாதாமாதம் காசு கொடுத்து மரியாதையாக இருக்கும் உங்களுக்கு வெட்கமாம்!

அரசாங்கமும் எங்கள் சொந்தக்காரரைப் போலத்தான். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் வீடுகள் எழும்பின. நாவலடியில் வாடகைக்கு இருந்த எங்கள் உறவுக் குடும்பம் ஒன்றிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "உறுதி இருக்கா?" சட்டி பானை வரை கடல் கொண்டுபோனவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது, ஆனால் கட்டுவதற்கு முதலில் காணி வேண்டும். காணி இல்லாதவன் எந்த வரிசையில் நிற்பான்? ஏழைகள் குறைந்த வாடகைக்கு இருக்க நல்ல வீடு கட்டுவோம் என்று இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசுமவில் வறிய குடும்பத்துக்கு 2025 முதல் மாதம் 10,000. உங்கள் வாடகைக்கே காணாது.

இதற்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காணி! உங்களுக்கு என்ன விசரா? எப்போதோ வரப்போகிற மருமகனுக்காக இன்று அந்தப் பிள்ளையை ஒழுகும் கூரைக்குக் கீழே படுக்கவைக்கிறீர்கள். அவள் படிக்கட்டும். சம்பளம் எடுத்துத் தானே காணி வாங்குவாள், வாங்காமலும் இருப்பாள், அது அவள் பாடு. சீட்டு விழுந்ததும் அந்தக் காசை முற்பணத்துக்குப் போடுங்கள், கூரையைத் திருத்தித் தந்தால்தான் என்று முதலிலேயே பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு.

வவுணதீவா? வலையிறவுப் பாலம் தாண்டித் தினமும் டவுனுக்கு வந்து போக எவ்வளவு முடியும் என்று கணவரிடம் கேளுங்கள். மிச்சம் பிடித்தால் போங்கள்.