தூசி பிரிக்கும் சைக்ளோன்: வாசகர் கேள்வி – பதில்

மாவு ஆலையில் புதிதாக சைக்ளோன் பொருத்தியிருக்கிறோம். அடியில் தூசி விழத்தான் செய்கிறது. ஆனாலும் மேல் குழாயில் வெள்ளையாகப் புகைகிறது. அளவு சிறிதாகிவிட்டதா?

அளவைச் சந்தேகிக்கும் முன், தூசி வெளியே விழும் அடிவாயைச் சோதியுங்கள். இத்தகைய புகார்களில் பெரும்பாலானவை அங்கேதான் போய் முடியும்.

காற்றை இழுக்கும் ப்ளோயர் சைக்ளோனுக்குப் பின்னால் இருந்தால் சைக்ளோன் முழுவதும் உறிஞ்சு அழுத்தத்தில் இருக்கும். அதிலும் நடுவே மேல்நோக்கிச் சுழலும் காற்றுத்தண்டில் அழுத்தம் மிகக் குறைவு. அந்தத் தண்டின் நுனி கூம்பின் அடிவாய் வரை, சில நேரம் அதற்குக் கீழேயும், இறங்கி நிற்கும். அங்கே ஒரு சிறு இடுக்கு கிடைத்தால் போதும், வெளிக்காற்று மேலே பாயும். சுவரோரம் வழிந்து வந்து விழவேண்டிய தூசியை அள்ளிக்கொண்டு நேராக வெளியேறும் குழாய்க்குள் போய்விடும். உள்ளே வரும் மொத்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கு அடியிலிருந்து கசிந்தாலே சைக்ளோன் ஏறக்குறைய வெறும் குழாயாகிவிடுகிறது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏர்லாக்கை (காற்றை உள்ளே விடாமல் தூசியை மட்டும் கீழே இறக்கும், இறக்கைகள் கொண்ட சுழல் கதவு) கழற்றிவிட்டு அடிவாயில் கேஸ்கெட் வைத்து ஒரு மூடிய டிரம்மை இறுக்கிப் பூட்டுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மேலே புகைச்சல் நின்றால் குற்றவாளி ஏர்லாக்தான். டிரம் மெல்லிய தகடாக இருக்கக் கூடாது. 150 மி.மீ. நீர் உயர அளவு உறிஞ்சல் இருந்தால், அரை மீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் கிட்டத்தட்ட 30 கிலோ எடை வைத்ததற்குச் சமமான விசை அழுத்தும். டிரம் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். தூசி மட்டம் கூம்பை நெருங்கினால் சுழல் அதைக் கிளறி மேலே இழுத்துவிடும்.

ஃப்ளாஞ்சு இணைப்புகளில் கசிவைத் தேட மெல்லிய தாள் கீற்று போதும். உள்ளே இழுக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சோப்பு நுரை உறிஞ்சும் பக்கத்தில் குமிழி விடாது, அதனால் பயன் இல்லை. ஊதுபத்தி, தீக்குச்சி எதையும் மாவுத்தூசி இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

ஏர்லாக்கில் இறக்கைகளின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேயாமல் இருந்தும் கசிந்தால் வேகத்தைப் பாருங்கள். இறக்கைகளுக்கு நடுவில் உள்ள அறைகளில், தூசியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு அறையும் வெறுங்கையோடு வருவதில்லை, ஓர் அறை நிறையக் காற்றை மேலே கொண்டுவருகிறது. நிமிடத்துக்கு 15 முதல் 20 சுற்று போதும். தூசி நிறைய வருகிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். கணக்குப் போட்டால் அதற்குத் தேவையே இல்லை. மணிக்கு 3,600 கன மீட்டர் காற்றில் கன மீட்டருக்கு 20 கிராம் தூசி வந்தால் மணிக்கு 72 கிலோதான். அது நிமிடத்துக்கு மூன்று லிட்டர் அளவுகூட வருவது அரிது. ஏர்லாக்கின் அளவைத் தீர்மானிப்பது தூசியின் எடை அல்ல, வாயில் தூசி பாலம் கட்டி நிற்காத அகலம்.

உள்ளே வலையோ துணியோ எதுவும் இல்லை. பிறகு எப்படித் தூசி பிரிகிறது?

காற்று பக்கவாட்டில் தொடுகோட்டுத் திசையில் நுழைந்து சுவரோரமாகச் சுழன்று கீழே இறங்குகிறது. தூசித் துகள் காற்றைவிடக் கனமானது. வளைவில் திரும்ப மறுத்து சுவருக்குத் தள்ளப்படுகிறது. அங்கிருந்து சறுக்கிக் கூம்பு வழியே அடிவாய்க்கு வருகிறது. காற்று மட்டும் கூம்பில் திசை மாறி, நடுவில் சிறு சுழலாக மேலேறி வெளியேறுகிறது. சைக்ளோனுக்குள் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் 1885-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

மணிக்கு 3,600 கன மீட்டர் காற்றுக்கு எங்கள் பட்டறையிலேயே செய்ய விரும்புகிறோம். அளவுகள் தர முடியுமா?

நுண்தூசிக்கு ஸ்டேர்மாண்ட் என்பவர் வகுத்த விகிதம் பொருத்தமானது. எல்லா அளவும் உருளையின் விட்டத்தைப் பொறுத்தவை. நுழைவாய் உயரம் விட்டத்தில் பாதி, அகலம் ஐந்தில் ஒன்று. வெளியேறும் குழாயின் விட்டம் பாதி, அது உள்ளே இறங்கும் ஆழமும் பாதி. உருளையின் உயரம் ஒன்றரை மடங்கு, கூம்பு இரண்டரை மடங்கு. அடிவாய் 0.375 மடங்கு.

இனி விட்டம். 3,600 கன மீட்டர் என்றால் நொடிக்கு ஒரு கன மீட்டர். நுழைவாயில் நொடிக்கு 15 மீட்டர் வேகம் வேண்டும் என்றால் பரப்பு 0.067 சதுர மீட்டர். மேலே சொன்ன விகிதப்படி நுழைவாயின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் பத்தில் ஒன்று. ஆகவே விட்டம் 816 மி.மீ. மற்றவை தானாக வரும்: நுழைவாய் 408-க்கு 163, வெளியேறும் குழாய் 408, உருளை 1,225, கூம்பு 2,040, அடிவாய் 306 மி.மீ. மொத்த உயரம் மூன்றேகால் மீட்டர். கூரை தாழ்வாக இருக்கிறது என்று கூம்பைக் குட்டையாக்கினால் நுண்தூசி தப்பும்.

பட்டறையில் தவறுவது பெரும்பாலும் அளவில் அல்ல, முடிப்பில். உள்பக்க வெல்டிங் மேடுகளைக் கிரைண்டரில் வழித்து மட்டமாக்க வேண்டும். சறுக்கி வரும் தூசி அந்த மேட்டில் மோதித் துள்ளிக் காற்றோடு கலந்துவிடும். நுழைவாயின் வெளிச்சுவரும் உருளையின் சுவரும் ஒரே கோட்டில் சேர வேண்டும், ஐந்து மி.மீ. படி இருந்தாலும் தொந்தரவுதான். வெளியேறும் குழாய் நுழைவாயின் அடிமட்டம் வரையாவது இறங்கியிருக்க வேண்டும். குறைந்தால் வந்த காற்று சுழலாமலே குறுக்கு வழியில் வெளியேறும். நுழைவாய்க்கு முன்னால் டக்டின் (காற்று வரும் குழாயின்) விட்டத்தைப் போல நான்கைந்து மடங்கு நேர்க்குழாய் வையுங்கள். வளைவு தவிர்க்க முடியாததென்றால், சைக்ளோனுக்குள் காற்று சுழலும் அதே திசையில் வளையுங்கள்.

டக்டில் வேகம் 18 முதல் 20 மீட்டர் இருக்கட்டும். இந்தக் காற்றளவுக்கு 265 மி.மீ. விட்டக் குழாய் சரியாக வரும். பெரிய குழாய் போட்டால் மின்சாரம் மிச்சம் என்று 350 மி.மீ. போட்டுவிடுகிறார்கள். அப்போது வேகம் பத்தரை மீட்டராகக் குறைந்து, தூசி வழியிலேயே படுத்துவிடும்.

இந்த அளவில் எவ்வளவு நுண்ணிய தூசி வரை பிடிக்கும்?

மாவுத்தூசியாக இருந்தால் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) துகளில் பாதி பிடிபடும், பாதி போய்விடும். 10 மைக்ரானில் நான்கில் மூன்று பங்கு, 20 மைக்ரானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல். 3 மைக்ரானில் ஐந்தில் ஒன்றுதான். இவை கணக்கு மதிப்புகள்; மேலே சொன்ன கசிவு இருந்தால் கணக்கு செல்லாது. நுரையீரலின் ஆழம் வரை போவது 4 மைக்ரானுக்கும் கீழான துகள். ஆகவே ஆலைக்குள்ளேயே காற்றைத் திருப்பி விடுவதாக இருந்தால் சைக்ளோன் மட்டும் போதாது, பின்னால் துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டர் கட்டாயம். நிமிடத்துக்கு 60 கன மீட்டர் காற்றை நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் துணி வழியே விட 30 சதுர மீட்டர் துணி வேண்டும். 150 மி.மீ. விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் கொண்ட பைகள் என்றால் 26.

பெரியது ஒன்றா, சிறியது நான்கா?

அதே வேகத்தில் காற்றை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றின் விட்டமும் பாதியாகும்; பாதி பிடிபடும் 6 மைக்ரான் எல்லை 4.2-க்கு இறங்கும். லாபம்தான். ஆனால் நான்குக்கும் அடியில் தூசி சேர ஒரே ஹாப்பர் (தொட்டி) வைத்து, காற்று சமமாகப் பிரியாமல் போனால், ஒன்றின் அடிவாய் வழியாகக் காற்று இன்னொன்றுக்குள் ஏறி தூசியை வாரிக்கொண்டு போகும். சிறிய அடிவாய்கள் எளிதில் அடைத்தும் கொள்ளும். எண்ணெய்ப் பசையோ ஈரமோ உள்ள தூசிக்கு நான் பெரியது ஒன்றையே சொல்வேன்.

சைக்ளோன் சரியாக ஓடுகிறதா என்று தினமும் தெரிந்துகொள்ள ஏதாவது வழி?

தண்ணீர் நிரப்பிய யு வடிவ மேனோமீட்டர்; இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் அழுத்த வித்தியாசத்தைக் காட்டும். ஒரு முனையை நுழைவாய்க்கு முந்தைய டக்டிலும், மறு முனையை வெளியேறும் குழாயில் சற்றுத் தள்ளி நேரான பகுதியிலும் இணையுங்கள். வெளியேறும் வாய்க்கு அருகிலேயே வைத்தால் காற்று அங்கே இன்னும் சுழன்றுகொண்டிருப்பதால் அளவு தப்பாகக் காட்டும். மேலே சொன்ன சைக்ளோன் 15 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 88 மி.மீ. காட்ட வேண்டும். தூசி சேர்ந்து ஓடும்போது வெறுங்காற்றில் ஓடுவதைவிடக் கொஞ்சம் குறையும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

40 மி.மீ.தான் காட்டுகிறது என்றால் காற்று மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள். பெல்ட் தளர்ச்சி, டக்டில் அடைப்பு, பாதி மூடிய டாம்பர் (காற்றளவைக் கட்டுப்படுத்தும் தகடு) என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டார் வயரை மாற்றிய பிறகு இப்படி ஆனால் ப்ளோயர் தலைகீழாகச் சுற்றுகிறது. சென்ட்ரிஃப்யூகல் ப்ளோயர் எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், குறைவாக. அதனால்தான் பல நாள் யாருக்கும் தெரியாமலே ஓடும்.

130 மி.மீ. காட்டினால் காற்று 20 சதவீதம் கூடுதல். அதிக வேகம் நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். நுழைவேகம் 25 மீட்டரைத் தாண்டினால் சுவரில் சேர்ந்த தூசியைக் காற்று மறுபடி பிய்த்து எடுக்கும். மின்செலவும் உண்டு: ப்ளோயர் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு ஏறும்.

உமித்தூசி ஓடும் சைக்ளோன் அடிக்கடி ஓட்டையாகிறது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

உமியில் சிலிக்கா அதிகம். தகட்டை மணல் போல அராவும். தேய்வது முதலில் நுழைவாய்க்கு நேர் எதிரே உள்ள சுவர், பிறகு கூம்பின் கீழ்ப் பகுதி. அந்த இரண்டு இடங்களையும் போல்ட்டில் கழற்றி மாற்றும் தனித் துண்டாகச் செய்துகொள்ளுங்கள், அல்லது செராமிக் ஓடு பதியுங்கள். நுழைவேகத்தை 18-லிருந்து 14 மீட்டராகக் குறைப்பதும் பலன் தரும். உமித்துகள் பெரிது, அந்த வேகத்திலும் பிடிபடும். ஒட்டுத்தகட்டை உள்பக்கம் போடுவது மட்டும் வேண்டாம்.

வெளியே தெரியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளியேறும் குழாயின் உள்ளே இறங்கிய பகுதியில் துளை விழுந்தால் தூசி நேராக மேலே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் சைக்ளோன் புதிதுபோல் இருக்கும். திடீரென்று புகைச்சல் கூடினால் மேல்மூடியைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள்.

அடைத்துக்கொள்ளும்போது சுத்தியலால் தட்டுகிறோம். சரிதானே?

இல்லை. ஒவ்வொரு அடியும் உள்ளே ஒரு புடைப்பு, அந்தப் புடைப்பில் அடுத்த தூசி தங்கும், மறுபடி தட்டுவீர்கள். அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். அரைவையில் சூடான ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்க்கிறது. சைக்ளோனையும் டக்டையும் வெப்பக் காப்பால் போர்த்துங்கள். ஆலையை நிறுத்தும்போது சரக்கு நின்ற பிறகும் ப்ளோயரைப் பத்து நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள்.

நூற்பாலைக்கு சைக்ளோன் உதவுமா?

பஞ்சுக்கழிவைக் காற்றிலிருந்து பிரித்து மூட்டை கட்டும் இடத்தில் உதவும். கூடத்துக் காற்றைச் சுத்தப்படுத்த உதவாது. இழைகள் சுருண்டு அடிவாயில் அடைக்கும், நுண்தூசியோ தப்பிவிடும். அதற்கு ரோட்டரி டிரம் ஃபில்டர்தான்.

மாவுத்தூசி வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1878 மே 2-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். கோதுமை மாவு காற்றில் கன மீட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் கலந்தாலே, தீப்பொறி கிடைத்தால் வெடிக்கும். தரையில் ஒரு மி.மீ. படிந்த தூசி ஐந்து மீட்டர் உயரக் கூடம் முழுவதும் கிளம்பினால் கன மீட்டருக்கு சுமார் 100 கிராம். முதல் வெடிப்பு சிறிதாக, சரக்கை மேலேற்றும் ஓர் எலிவேட்டருக்குள் நடக்கும். அதன் அதிர்ச்சியில் உத்தரத்திலும் குழாய்களின்மேலும் படிந்தது கிளம்பி இரண்டாவது வெடிப்பு. உயிர்களைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆகவே கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது.

ப்ளோயரை சைக்ளோனுக்குப் பின்னால் வையுங்கள். தூசி நிறைந்த காற்று இறக்கையில் மோதாது. இரும்புத் துண்டு உள்ளே போய்ப் பொறி கிளப்பாமல் இருக்க அரைவைக்கு முன் காந்தம் வையுங்கள். நிலைமின்சாரம் சேர்ந்து பொறி விடாமல் இருக்க, டக்டில் ரப்பர் அல்லது துணி இணைப்பு வரும் இடங்களில் இரு பக்கத் தகட்டையும் செம்புப் பட்டையால் இணைத்து எர்த் கொடுங்கள், பி.வி.சி. குழாய் வேண்டாம். வெடிப்பு அழுத்தத்தை வெளியேற்றும் பலகையை வைத்தால் அது ஆட்கள் நடமாடாத வெளிப்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும், கூடத்துக்குள் அல்ல. ஏர்லாக்கில் உலோக இறக்கை இருந்து இடைவெளியும் குறைவாக இருந்தால் தீ கீழே பரவுவதைத் தடுக்க உதவும். சைக்ளோனில் வெல்டிங் வைக்கும் முன் ப்ளோயரை நிறுத்தி, ஹாப்பரைக் காலி செய்து, உள்ளே தூசியைத் துடைத்தெடுத்து, இரு பக்க டக்டையும் கழற்றி மூடிவிட்டுத்தான் வெல்டரைக் கூப்பிட வேண்டும். வேலை முடிந்து தகடு கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே மறுபடி ஓட்டலாம்.