வாசகர் கேள்வி பதில்: ரேசரை அமுக்காதீர்கள்

மூன்று பிளேடு உள்ள கார்ட்ரிட்ஜ் ரேசரில் ஷேவ் செய்தால் மறுநாளே கழுத்தெல்லாம் சிவந்து பொரிகிறது. அப்பா காலத்து ஒற்றை பிளேடு ரேசருக்கு மாற நினைக்கிறேன். சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், செங்கோட்டை

தாராளமாக மாறலாம். கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுத்துக்கொடுக்க, பின்னால் வருகிற பிளேடு தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. சுருண்டு வளரும் முடி என்றால் அந்த நுனி வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே வளைந்து குத்தும். நீங்கள் சொல்லும் பொரி பெரும்பாலும் அதுதான். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டிவிட்டுப் போய்விடும்.

வாங்கும்போது விலைச்சீட்டை விட்டுவிட்டு முதலில் தலையைப் பாருங்கள். பிளேடுக்கு அடியில் வரும் தட்டின் விளிம்பு ஒரே கோடாக ஓடினால் அது மூடிய வகை. சீப்புப் பல்போல வெட்டு வெட்டாக இருந்தால் திறந்த சீப்பு. பிளேடு முனைக்கும் இந்த விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியும், முனை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும்தான் ரேசர் சாதுவா முரடா என்பதைத் தீர்மானிக்கின்றன. எரிச்சல் உள்ள கழுத்துக்கு மூடிய வகை, குறைந்த இடைவெளி. இதில் மறுபேச்சே இல்லை.

அடுத்தது எடை. கடையில் பிளேடோடு சேர்த்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் பிடி ரேசர் காற்றாக இருக்கும். வெட்டவில்லையே என்று கை தானாக அமுக்கும். அமுக்கியதும் தோல் பிளேடுக்குள் பிதுங்கி வரும், கீறல் விழும். எழுபது எண்பது கிராம் எடையுள்ள உலோக ரேசர் தன் கனத்திலேயே இறங்கும்; நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். ஈரக்கையில் வழுக்காதபடி பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு செதுக்கியிருக்க வேண்டும். வழவழ பிடி பார்வைக்கு மட்டும்தான் அழகு.

பெயர் சொல்லிக் கேட்டால், ஜெர்மனியின் மெர்க்கூர் 34சி, மியூலே ஆர்89, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89 மூன்றும் சாதுவானவை. அதே மியூலேயின் ஆர்41 பெயரில் பக்கத்து வீடு, குணத்தில் வேறு ஊர். முதல் ரேசராக அதைத் தொடவே வேண்டாம். இவ்வளவு செலவழிக்க மனமில்லை என்றால் மூடி, அடித்தட்டு, பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் உள்நாட்டு உலோக ரேசரே போதும். முந்தைய மூன்றுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைவிட, அதற்கும் பிளாஸ்டிக் ரேசருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

மலிவான ரேசர்களின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியது. பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் உள்ளே அரிக்கத் தொடங்கும். முதலில் போவது மரைதான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் துணியே காயாத உங்கள் பக்கத்தில், கையில் காசு இருந்தால் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள்.

பிளேடு விஷயத்தில் கவலை வேண்டாம். இந்த ரேசர்களில் போடுவது இரு ஓரமும் கூராக உள்ள இரட்டை முனை பிளேடு; எந்தக் கம்பெனியுடையதும் இவற்றில் எதிலும் உட்காரும். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பேர்போனது, கை பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேடு நான்கைந்து ஷேவ். முடியை வெட்டாமல் இழுக்கத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள்.

ரேசரின் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, மறுபக்கம் கீறுகிறது. புதுப் பிளேடு போட்டும் அப்படியே. பிளேடு கோளாறா?
– வாசகர், களியக்காவிளை

முதலில் ஒரு சோதனை. கீறுகிற கன்னத்தில் ரேசரைத் திருப்பி மறு முனையை வைத்து வழியுங்கள். இப்போது கீறவில்லை என்றால் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எந்த முனையை வைத்தாலும் அதே கன்னத்தில்தான் கீறுகிறது என்றால் குற்றம் மணிக்கட்டின் மேல்; வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது தாடைக்குக் கீழே கோணம் மாறிவிடும்.

பிளேடு கோணலுக்கு: மூடியைக் கவிழ்த்து உள்ளங்கையில் வையுங்கள். அதன் முளைகளில் பிளேடைப் பொருத்தி, மேலே அடித்தட்டை வைத்து, பிளேடின் கூரில்லாத இரண்டு ஓரங்களையும் விரல்களால் பிடித்துக்கொண்டு பிடியைத் திருகுங்கள். விரல் பலத்தில் நின்றால் போதும். முறுக்கினால் மரை போகும். பிறகு நேர் எதிரே தூக்கிப் பாருங்கள். இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக எட்டிப் பார்த்தால் தளர்த்தி, சரிசெய்து, மீண்டும் திருகுங்கள். தட்டில் காய்ந்த சோப்பு ஒட்டியிருந்தாலும் பிளேடு தூக்கிக்கொள்ளும். பிளேடின் தடிமனே பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் அடியில் சோப்புப் பொருக்கு சின்ன விஷயமில்லை. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

கோணத்துக்கு: மூடியை மட்டும் கன்னத்தில் படும்படி வைத்தால் பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டி நிற்கும். அங்கிருந்து பிடியை மெதுவாகத் தாழ்த்திக்கொண்டே நகர்த்துங்கள். முடி அறுபடும் ‘சர சர’ சத்தம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம், சுமார் முப்பது டிகிரி. தாடைக்குக் கீழே போகும்போது மறு கையால் தோலைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். ஒரு இழுப்பு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம்.

புனலூரில் மாமனார் வீட்டில் ஷேவிங் சோப்பு கொழுகொழுவென்று நுரைக்கிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அதே சோப்பு, அதே பிரஷ், திரி திரியாகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், பாவூர்சத்திரம்

உப்புத்தண்ணீர்தான் காரணம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடுகின்றன. நீங்கள் பார்ப்பது அந்தத் திரிதான். காய்ச்சினால் ஒரு வகைக் கடினத்தன்மை மட்டும் குறையும், மற்றது அப்படியே நிற்கும். நுரை கலக்க அரை டம்ளர் தண்ணீர்கூடத் தேவையில்லை. குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை அதற்கு எடுத்துக்கொண்டு, முகம் கழுவ போர் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். கிரீம் என்றால் ஒரு பாதாம் அளவு. பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டுத் தொடங்கி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு நிமிடமாவது சுழற்றுங்கள். குமிழி தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. தயிர்போலப் பளபளத்தால் ஆயிற்று.

சபரிமலை போய் வந்து மாலை கழற்றியதும், விரதம் முழுக்க வளர்ந்த தாடியை எடுத்தால் இரண்டு நாள் முகம் எரிகிறது. வீட்டிலேயே எடுக்க வழி உண்டா?
– வாசகர், கம்பம்

நாற்பத்தொரு நாளில் தாடி ஒன்றரை சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கும். அதில் நேராக ரேசரை வைத்தால் இரண்டே இழுப்பில் தலை அடைத்துக்கொள்ளும். பிளேடு நகராது, நீங்கள் அமுக்குவீர்கள், அங்கேதான் எரிச்சல் பிறக்கிறது. முதலில் கத்தரியாலோ டிரிம்மராலோ ஒட்ட வெட்டுங்கள். வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்தால் முடி நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும். புதுப் பிளேடு போட்டு, முடி படியும் திசையிலேயே ஒரு சுற்று. மறுபடி நுரை பூசிக் குறுக்கே இன்னொரு சுற்று. எதிர்த்திசை அன்றைக்கு வேண்டாம், நான்கு நாள் கழித்துப் பார்க்கலாம். கழுத்தில் முடி எல்லோருக்கும் மேலிருந்து கீழாகப் படிவதில்லை. பலருக்குப் பக்கவாட்டில் சுழன்றிருக்கும். விரலால் தடவி, எந்தப் பக்கம் சொரசொரக்கவில்லையோ அதுதான் படியும் திசை.

திறந்த சீப்பு ரேசருக்கு உண்மையான வேலை இருக்கிற நாள் இதுதான். நீள முடியும் நுரையும் பல் இடுக்கு வழியாக வெளியேறும். வருடத்தில் ஒரு நாளைக்காக வாங்கத் தேவையில்லை.

முடிந்ததும் குளிர்ந்த நீர். ஈரமுகத்தில் படிகாரக்கல்லை ஒரு முறை தடவி, அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். அப்படியே காயவிட்டால் தோல் இறுகி வறளும்.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு விமானம். ரேசரைக் கைப்பையில் கொண்டுபோகலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பிளேடைக் கைப்பையில் விடமாட்டார்கள். ரேசரையும் பிளேடு பாக்கெட்டையும் செக்-இன் பெட்டியில் போடுங்கள். ரேசருக்குள் மாட்டியிருக்கும் பிளேடைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் பழைய பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுகிறார். குப்பை எடுக்க வரும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் கையை அறுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பயம் நியாயமானதுதான். தாள் நனைந்தால் பிளேடு வெளியே வந்துவிடும். மூடியுள்ள ஒரு பவுடர் டின் எடுத்து, மூடியில் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு உண்டியல்போலக் கீறுங்கள். பிளேடின் அகலம் 22 மில்லிமீட்டர் என்பதால் குறுகிய ஓரம் முன்னே போகும்படி விட்டால் விழுந்துவிடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் திறக்கவே முடியாது. நூறு பிளேடை அடுக்கினாலும் ஒரு சென்டிமீட்டர் உயரம்தான். வாரம் ஒரு பிளேடு என்றால் அந்த டின் நிறையப் பல வருடம் ஆகும். நிறைந்தபின் கீறலையும் டேப்பால் அடைத்து, உள்ளே பிளேடு என்று மேலே தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிடுங்கள்.