கடன் அட்டையில் வாங்கி முதலீடு செய்யலாமா? கேள்வி பதில்

கேள்வி: பன்னிரண்டு மாதங்களுக்கு வட்டியில்லாக் கடன் தருவதாக அட்டை நிறுவனம் சொல்கிறது, கட்டணம் 3% மட்டுமே. அதை வாங்கி 6% தரும் வைப்புக் கணக்கில் போட்டால் மீதி 3% எனக்குத்தானே?

பதில்: பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தத் தொகை முழுவதும் ஓராண்டு உங்கள் கையில் இருக்கப்போவதில்லை. ஒரு லட்சம் வாங்கி, வைப்பிலிருந்தே எடுத்து மாதந்தோறும் சமத் தவணையாகத் திருப்பினால், முதல் மாதம் முழுத் தொகை, கடைசி மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று இருப்பு கரைந்துகொண்டே வரும். ஆண்டுச் சராசரி 54,167 மட்டுமே. அதற்கு 6% வட்டி 3,250. கட்டணமோ முழு ஒரு லட்சத்துக்கும் கணக்கிடப்பட்ட 3,000. மிஞ்சுவது 250. வட்டி வருமானத்துக்கு 20% வரி செலுத்துபவராக இருந்தால் 650 போய்விடும். ஆக, 400 நட்டம். தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டி வைப்பைத் தொடாமல் விட்டாலும் கணக்கு மாறாது. ஏனெனில் அந்தத் தவணைப் பணத்தைக் கடனே இல்லாமல் மாதாமாதம் வைப்பில் போட்டிருந்தால் அதற்கும் வட்டி கிடைத்திருக்கும்.

கேள்வி: மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, கடைசியில் மீதியை ஒரேயடியாக அடைத்தால்?

பதில்: கட்டணமே இல்லாமலோ மிகக் குறைவாகவோ கிடைத்த கடன் என்றால் சிறிது லாபம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு தவணை தவறினாலும் சலுகையை ரத்து செய்யும் விதி பல ஒப்பந்தங்களில் இருப்பதால், தவணை தானாகவே கழியும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்த அட்டையில் வேறு எதையும் வாங்காதீர்கள். கடன் வரம்பின் பெரும்பகுதியைப் பயன்படுத்தினால் கடன் மதிப்பெண் இறங்கக்கூடும். விரைவில் வீட்டுக் கடன் கேட்கவிருப்பவர்கள் இந்த வழிக்கே போக வேண்டாம்.

கேள்வி: சந்தை ஏறுமுகமாக இருக்கிறது. அட்டையில் ரொக்கம் எடுத்துப் பங்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வட்டியில்லா நாட்கள் என்பது பொருள் வாங்குவதற்கு உள்ள சலுகை. ரொக்கத்துக்குப் பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு. மாதம் 3% என்பது சிறிதாகத் தெரிந்தாலும் வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்து ஆண்டுக்கு 42.6% ஆகிறது. பங்கு 20% இறங்கினால், பழைய விலைக்குத் திரும்பவே 25% ஏற வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கியவர் அதுவரை காத்திருக்கலாம். தவணைத் தேதி நெருங்கும் கடனாளி இறங்கிய விலையிலேயே விற்க நேரிடும்.

கேள்வி: ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டேன். இப்போது நட்டத்தில் இருக்கிறது. விற்கவா, காத்திருக்கவா?

பதில்: விற்றுக் கடனை அடையுங்கள். வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நிலுவை வளர்கிறது. அந்த வேகத்தைப் பங்கு எட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. விற்ற பணம் போதாவிட்டால், மீதிக்குக் குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முழுவதும் அடைத்த பிறகும், கணக்கு அறிக்கை தயாரான நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த அறிக்கையில் வரலாம். பலர் இதைக் கவனிக்காமல் தாமதக் கட்டணத்தில் சிக்குகிறார்கள். நிலுவை பூஜ்ஜியம் என்று வரும்வரை அறிக்கையைப் பாருங்கள்.